தொட்டில் கொக்கியும் மூணு நூல் பிட்டும்

வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட வேண்டும் என்றால்கூட நான் திருகாணியையும் டிரில் பிட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்ப்பேன். உங்களுக்கு அது வேடிக்கை. "அப்பா துப்பாக்கி சுடுதாரு, எல்லாரும் குனிஞ்சுக்கோங்க" என்று சின்னவன் கத்துவான். உங்கள் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "அவரை அவர் போக்குல விடுங்க. ஒருக்க அந்தக் கண்ணை மூடாமப் போயி என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்" என்பாள்.

அந்தக் கதையை நீங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். முழுதாக எழுதிவைக்கிறேன். பெரியவளே, இதில் நீயும் வருகிறாய். ஆனால் உனக்குப் பேச்சு வராத வயசு. அதனால் அழுகையைத் தவிர உனக்கு வேறு வசனம் கிடையாது.

அப்போது நான் சங்கரன்கோவிலில், கோவிலுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு வளையல் கடையில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். வகுப்பில் பின்னக் கணக்கு வந்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். ஆனால் வளையல் கடையில் பின்னம் தானாக வந்து கையில் உட்கார்ந்துகொண்டது. வளையல் அளவை 'ரெண்டு நாலு', 'ரெண்டு ஆறு', 'ரெண்டு எட்டு' என்று சொல்வோம். முதல் எண் அங்குலம். அடுத்த எண், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பங்கிட்டால் அதில் எத்தனை பங்கு என்பது. ஒரு பெண்பிள்ளை கடைப்படி ஏறும்போதே அவள் கை ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வளையல் போடுவதில் ஒரு சட்டம் உண்டு. மணிக்கட்டைப் பார்க்கக் கூடாது. கையில் எந்த இடம் ரொம்ப அகலமோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பெருவிரல் முட்டிதான் அந்த இடம். அதைத் தாண்டிவிட்டால் வளையல் தானாக உள்ளே போய்விடும். இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

உங்கள் அம்மா பிரசவத்துக்காக வாசுதேவநல்லூரில் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியவள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துவருவதாகப் பேச்சு. ஆனி மாதக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்துவைத்தார்கள். அதை விட்டால் ஆடி. ஆடியில் அழைத்துவர மாட்டார்கள். அப்புறம் ஆவணிதான்.

உங்கள் தாத்தாவுக்கு என்மேல் பகை ஒன்றும் கிடையாது. நம்பிக்கைதான் கிடையாது. அவர் குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர். மூட்டையைத் தூக்கிப் போட்டால் மூட்டை உடையாது. கை தவறினால் நொறுங்கிப் போகிற சரக்கை விற்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

நாள் குறித்த அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"மாப்ளே, உங்க வீட்ல தொட்டில் எங்கன கட்டுவீங்க?"

"உத்திரத்துல மாமா."

"அதுக்கு மேல கயிறு நுழையுமா?"

நுழையாது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் உத்திரத்தின் முதுகிலேயே செங்கலை அடுக்கித் தளம் போட்டிருந்தது. நடுவில் ஒரு எறும்பு போகலாம், கயிறு போகாது. இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஆவணியில பாத்துக்கிடலாம்" என்று அவர் துண்டை உதறினார். "தொட்டில் கட்ட எடம் இல்லாத வீட்டுக்குப் பிள்ளைய எப்படி அனுப்ப?"

"கொக்கி போட்டுருதேன் மாமா."

"யாரு போடுவா?"

"நானேதான்."

அவர் என் கைகளை ஒரு பார்வை பார்த்தார். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. "சரி, போடுங்க. அன்னைக்கு நான் வந்து ஆட்டிப் பாப்பேன். ஆடாம நின்னாத்தான் பிள்ளைய விடுவேன். ஆடுச்சுன்னா அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வந்துருவேன், பாத்துக்கோங்க."

புறப்படும்போது உங்கள் அம்மா கிணற்றடிக்கு வந்து என்னை நிறுத்தினாள்.

"மெய்யாச் சொல்லுங்க. உங்களால முடியுமா?"

"முடியும்."

"பூண்டுக் குழம்பு தின்னு தின்னு என் வெரலே பூண்டுப் பல்லு மாதிரி ஆயிட்டு. சாம்பாரைக் கண்ணால பாத்து எம்புட்டு நாளாச்சு! இங்கன எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாங்க. ஆனா ஆவணின்னு சொல்லுவாங்க, அது வந்தா புரட்டாசிம்பாங்க. எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்ங்க. அந்தக் கொக்கிய மட்டும் ஒழுங்கா மாட்டிருங்க."

சாம்பார் என்று சொல்லும்போது சிரித்தாள். நம்ம வீடு என்று சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்கார அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் அதே காம்பவுண்டில் முன்வீட்டில் இருந்தார். அந்த உத்திரம் பர்மா தேக்கு என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சம் இல்லை. அது எப்படி வந்து சேர்ந்தது என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும். சில நாள் கப்பலில் வந்தது. சில நாள் ரயிலில் வந்தது. கோபமாக இருக்கிற நாளில் அவருடைய அப்பாவே தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"பர்மா தேக்குல ஓட்டையா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்குத் தொட்டில் கட்டணும் அண்ணாச்சி."

பிள்ளை என்றதும் கொஞ்சம் இறங்கிவந்தார். "ஒரு ஓட்டை. ஒரே ஒரு ஓட்டை. ரெண்டாவதா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, வீட்டைக் காலி பண்ணிரணும். சொல்லிட்டேன் வே."

அங்கிருந்து நேரே இரும்புக் கடை. திருகிப் போடுகிற கொக்கி ஒன்றை எடுத்தேன். மேல் பாதி திருகாணி மாதிரி மரையோடு இருக்கும், கீழ்ப் பாதி வளைந்திருக்கும். டிரில்லை ஒரு தறி ஷெட்டில் இரவல் சொல்லிவைத்திருந்தேன். பிட்டு மட்டும் நான் வாங்க வேண்டும்.

"எத்தனை நூல் பிட்டு?" என்றார் கடைக்காரர்.

இரும்புக் கடையில் ஒரு அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். நாங்கள் பதினாறு, அவர்கள் எட்டு. இதெல்லாம் எனக்கு ஒரு கணக்கா? கொக்கியை வாங்கி இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். எந்த இடம் ரொம்ப அகலம்? மரையின் வெளி விளிம்பு. அது தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் தாண்டிவிடும்.

"மூணு நூல்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லும். வித்த பிட்டைத் திரும்ப வாங்க மாட்டேன்."

"அளவுல எனக்குத் தப்பே வராது" என்றேன். இப்போதும் அந்தக் கடைப் பக்கம் போனால் அந்த வார்த்தை என் காதில் கேட்கும்.

கை டிரில்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் மாதிரி பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் முன்னால் பிட்டு சுற்றும். கீழே வைத்துத் துளைத்தால் சுகமான வேலை. தலைக்கு மேலே துளைப்பது வேறு மாதிரி. மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கொக்கியை வைத்துப் பார்த்து, பிட்டின் அந்த இடத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டேன். வளையலைச் சரமாகக் கட்டுகிற நூல் அது. முதலில் ஆணியால் உத்திரத்தில் ஒரு சின்னப் பள்ளம் குத்தினேன். இல்லையென்றால் பிட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். இதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி. யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு சுற்றினேன். கடினமான வேலை செய்யும்போது எனக்கு வாய் திறந்துகொள்ளும். பர்மா தேக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் ருசி பார்த்தவன் நான் ஒருவன்தான். லேசான கசப்பு.

சிவப்பு நூல் மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, கொக்கியை எடுத்துச் செருகினேன். ஆகா, என்ன சுகமாகப் போயிற்று! திருகவே வேண்டாம். கை வலிக்காமல் ஏறுகிற வளையல் மாதிரி ஒரே தள்ளில் உள்ளே போய் உட்கார்ந்தது. கையை எடுத்தேன். கொக்கி என் தலையில் விழுந்தது.

'கொஞ்சம் தளர்ச்சி' என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். செய்தித்தாளைக் கிழித்து மரையைச் சுற்றி, கொக்கியோடு சேர்த்து ஓட்டைக்குள் திணித்து, சுத்தியலால் தட்டினேன். இந்த முறை நின்றது. உங்கள் அம்மாவின் பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டி, லேசாக ஆட்டிப் பார்த்தேன். தொட்டில் ஆடியது, கொக்கி அசையவில்லை. அன்றைக்கு நான் கடைக்குப் போன நடையைப் பார்த்தால் ஏதோ பாலம் கட்டி முடித்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். என் வீட்டு வாசலில் அண்ணாச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தொட்டில் தரையில் கிடந்தது. அதன் நடுவில் அவருடைய பூனை உட்கார்ந்து, கோபமாக முதுகை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொக்கி. அதைச் சுற்றிக் கசங்கிய செய்தித்தாள்.

"ஜன்னல் வழியா வந்து, என்னமோ மெத்தைன்னு நெனச்சுப் படுத்திருக்கு பாவம்" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு இடுப்பு முறிஞ்சிருந்தா என்ன வே பண்ணுவீரு?"

"பூனைக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணாச்சி."

"பூனைக்கு ஆகலை. இதே உம்ம பிள்ளையா இருந்தா?"

ஒரு பூனையின் கனத்தைத் தாங்காத கொக்கியில் என் பிள்ளையைப் போட இருந்தேன். அதைவிட, உங்கள் தாத்தா வந்து ஒரு விரலால் இழுத்தாலே போதும். அடுத்த பஸ்ஸில் உங்கள் அம்மா திரும்பிப் போய்விடுவாள். ஆவணிவரை பூண்டுக் குழம்பு.

"நான் ஒண்ணு சொல்லுதேன் கேளும்" என்றார் அண்ணாச்சி கொஞ்சம் இரக்கப்பட்டு. "கோவில்ல குடுக்கிற புத்துமண்ணைக் கொழைச்சு ஓட்டையில அடைச்சுக் கொக்கிய வச்சுரும்."

"அது சொறி செரங்குக்குப் பூசுதது அண்ணாச்சி."

"மனுசனுக்குக் கேக்குதுன்னா மரத்துக்குக் கேக்காதா?"

நல்ல நாளுக்கு அதிகம் நாள் இல்லை. கொக்கியையும் பிட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போனேன். வியாபாரத்தில் மனசு ஓடவில்லை. அப்போது ஒரு அம்மாள் தன் மகளோடு வந்தாள். பிள்ளைக்கு ஏழெட்டு வயசு இருக்கும். நான் கையைப் பார்த்து அளவெடுத்துக் கொடுத்ததை அந்த அம்மாள் வேண்டாம் என்று தள்ளினாள்.

"பெருசாத் தாங்க தம்பி. அடுத்த வருச ஆடித்தபசுத் திருநாளுக்கும் ஆகணும்லா."

"கண்ணாடி வளையல அடுத்த வருசம் வரைக்குமா வச்சிருக்கப் போறீங்க? இது பிடிச்சு நிக்காதுக்கா. லேசா ஏறுதது லேசா எறங்கிரும்."

"எம் பிள்ளை பதனமா வச்சுக்கிடும். நீங்க போடுங்க."

போட்டேன். பிள்ளை படி இறங்கியது. எதிரே பலூன்காரர் வந்தார். "அம்மா, அங்கன பாரு!" என்று கையை வீசிக் காட்டியது. அவ்வளவுதான். வளையல் எல்லாம் கையிலிருந்து பறந்து தெருவில் சில்லுச் சில்லாகச் சிதறின.

"நான் சொன்னேன்லாக்கா" என்று ஆரம்பித்தேன். அதோடு என் வாய் நின்றுவிட்டது. யாருக்கு என்ன சொன்னேன்? லேசாக ஏறுவது லேசாக இறங்கிவிடும் என்று தினமும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். சட்டைப் பையில் இருக்கிற கொக்கிக்கு யார் சொல்வது?

கொக்கியை வெளியே எடுத்தேன். அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டைச் சுற்றிக்கொண்டு ஏறுகிற மரை. பிட்டை முன்னாலும் கொக்கியைப் பின்னாலும் வைத்து, தெரு வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பிட்டு கொக்கியை முழுசாக மறைத்தது. மரையின் விளிம்பு ஒரு துளிகூட வெளியே தெரியவில்லை. அப்புறம் அது மரத்தை எதனால் கடிக்கும்?

வளையல் கையைக் கடிக்காமல் போக வேண்டும். மரை மரத்தைக் கடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஓட்டை தண்டின் அளவுக்கு இருக்க வேண்டும். மரையின் அளவுக்கு இருக்கக் கூடாது. பிட்டைப் பிடித்துப் பார்த்தால் தண்டு மறைய வேண்டும், மரை மட்டும் இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். இந்தக் கொக்கிக்கு ரெண்டு நூல் பிட்டுதான் சரி. பிள்ளைகளா, நான் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது இதைத்தான். சுடுவதற்கு இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் எச்சில் விழுங்குகிற நேரம்கூட நிலைக்கவில்லை. ஓட்டை ஏற்கெனவே மூணு நூல் போட்டாகிவிட்டது. அதைச் சின்னதாக்க முடியாது. பக்கத்தில் இன்னொன்று போட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடே இல்லையென்றால் தொட்டிலுக்குக் கொக்கி எதற்கு?

இதற்குள் அந்த அம்மாள் உடைந்த வளையலுக்கு என்னைத் திட்டிவிட்டு, "சரி, நீங்க சொன்ன அளவையே தாங்க" என்று மகளின் கையை மறுபடியும் நீட்டினாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்திருக்கும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கடைக்கு வருகிற கையை நான் என்றைக்காவது மாற்றியிருக்கிறேனா? கை எப்படியோ அப்படித்தான் வரும். அதற்கு ஏற்ற வளையலைத்தானே தேடுகிறேன்? ஓட்டை மூணு நூல் என்றால் அது அப்படித்தான். அதற்கு ஏற்ற கொக்கியைத் தேட வேண்டும்.

முதலாளியிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கையில் பிட்டோடு இரும்புக் கடைக்கு ஓடினேன். இருக்கிற கொக்கி எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிட்டைப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன். ஒன்றில் மரை தெரியவில்லை. இன்னொன்றில் தெரிந்தும் தெரியாமல் இருந்தது. கடைசியாக அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். மரை மட்டும் நாலு நூல் இருக்கும். பிட்டைப் பிடித்தேன். தண்டு சரியாக மறைந்தது. மரை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

"இதுதான்!" என்றேன்.

"இது ஊஞ்சக் கொக்கி வே. பெரிய மனுசங்க எட்டுப் பேரு ஒக்காந்து ஆடுதது. உமக்கு எதுக்கு?"

"தொட்டில் கட்ட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவில் யானை பிள்ளை பெத்திருக்கா?"

வீட்டுக்கு வந்தேன். புதுக் கொக்கி கொஞ்சம் நீளம். அதே பிட்டில் சிவப்பு நூலைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, அதே ஓட்டையை இன்னும் ஆழமாக்கினேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். பிறகு கொக்கியை வைத்துத் திருகினேன். இரண்டு சுற்றுப் போனது. அதோடு நின்றுவிட்டது. கொக்கியின் வளைவில் கம்பியைக் கொடுத்து நெம்பினேன். நான்தான் ஸ்டூலோடு திரும்பினேன், கொக்கி திரும்பவில்லை. இன்னும் பலம் கொடுத்தால் தேக்கு விரிசல் விட்டுவிடுமோ என்று பயம்.

மேலேயே நின்று யோசித்தேன். இறுக்கமான வளையல் கையில் ஏறவில்லை என்றால் என்ன செய்வோம்? சோப்பு. வீட்டில் துணி சோப்பு தீர்ந்துபோயிருந்தது. உங்கள் அம்மா பிரசவத்துக்குப் போகும்போது, திரும்பி வந்து குளிப்பதற்கு என்று ஒரு வாசனை சோப்பைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவளை வரவைக்கத்தானே இந்தப் பாடு என்று எடுத்தேன். கொக்கியைக் கழற்றி, சோப்பை மரைமேல் நன்றாகத் தேய்த்து, மறுபடியும் வைத்துத் திருகினேன். கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். வளையலை அப்படித்தான் ஏற்றுவோம். கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே ஏறியது. ஒவ்வொரு கத்தலுக்கும் முன்வீட்டிலிருந்து அண்ணாச்சி, "என்ன வே, யாரைக் கொல்லுதீரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொக்கி கடைசி மரைவரை போய் நின்றது. பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. ஆனாலும் பூனை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் சந்தோஷப்பட்டேன்.

நல்ல நாள் வந்தது. வாசுதேவநல்லூர் பஸ்ஸிலிருந்து முதலில் உங்கள் தாத்தா இறங்கினார். அப்புறம், பெரியவளே, உன்னைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா. கடைசியாக உங்கள் மாமா. அம்மாவுக்குத் தம்பி. அந்த வயசிலேயே அவர் இறங்கினால் பஸ் ஒரு பக்கம் நிமிரும். தாய்மாமன்தான் தொட்டில் கட்ட வேண்டும் என்பதால் அவரைக் கூட்டிவந்திருந்தார்கள்.

உங்கள் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கண்ணால் மட்டும் கேட்டாள். நானும் கண்ணால் பதில் சொன்னேன். ஆனால் என் கண்ணில் நம்பிக்கையைவிடத் தூக்கமின்மைதான் அதிகமாகத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உத்திரத்துக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். மூக்கை இழுத்தார்.

"உத்திரம் ஏன் மாப்ளே மணக்கு?"

அவரே தொடர்ந்தார். "கொக்கி பெருசாத்தான் இருக்கு. மரம்தான் பழசாத் தெரியுது. செல்லரிச்சிருக்குமோ?"

இதற்குள் விருந்தாளிகளைப் பார்க்க அண்ணாச்சி வாசலுக்கு வந்திருந்தார். அந்தக் கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது.

"யாரு சொன்னா செல்லு? இது பர்மா தேக்கு வே! எங்க ஐயா தோளில தூக்கியாந்தது!"

"பர்மாவுல இருந்து தோளிலயா?" என்றார் தாத்தா. "ஏலே, நீ அதுல தொங்கிப் பாரு" என்று மகனிடம் சொன்னார்.

உங்கள் மாமா என்னைப் பார்த்தார். "அத்தான், நான் தொங்குனா நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவருக்கே தன் எடைமேல் பயம். நான் வாய் திறப்பதற்குள் அவர் ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை இரண்டு கண்ணையும். சத்தம் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தேன். மாமா பலசரக்குக் கடைத் தராசில் வைத்த மூட்டை மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்.

"பயலுக்கு எடை காணாது. பிரயாணத்துல எளைச்சுட்டான்" என்றார் தாத்தா. தோற்றுப்போக அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.

"காணாதா? இரும், நானும் வாரேன்!" என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். என்னால் தடுக்க முடியவில்லை. உங்கள் மாமாவின் கைக்குப் பக்கத்தில் இடம் பார்த்துப் பிடித்து அவரும் தொங்கினார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி ஆடினார்கள்.

"இப்பம் சொல்லும்!" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டே. "இது தேக்கா, இல்ல உம்ம ஊரு முருங்கையா?"

"அண்ணாச்சி, என் வெரலை மிதிக்காதீங்க... இல்ல, நசுக்காதீங்க" என்று மாமா கெஞ்சினார்.

தாத்தா தரையில் குனிந்து, மரத்தூள் எதுவும் விழுந்திருக்கிறதா என்று தேடினார். ஒரு பொடிகூட இல்லை. அப்போதுதான் உங்கள் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்குதீங்களா? தொட்டில் பிள்ளைக்குத்தான் கட்டணும்."

இறங்கினார்கள். மாமா சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார். புது இடத்தில் தொட்டில் கட்டினால் முதலில் அம்மிக்குழவியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, அதைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவது வழக்கம். குழவியைக் கிடத்தினார்கள். தாத்தாவே ஆட்டினார். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, அப்புறம் பிள்ளை தொட்டிலை யாரும் ஆட்டாத வேகத்தில். கல் அங்கும் இங்கும் பறந்தது. கொக்கி கல்லைவிடக் கல்லாக நின்றது. கடைசியில் அவர் கையை எடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளையப் போடுங்க" என்றார்.

போட்டோம். பெரியவளே, உன் முதுகு தொட்டிலைத் தொட்டதும் நீ போட்ட சத்தத்தில் அண்ணாச்சியின் பூனை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியது. தூக்கினால் சிரிப்பு, போட்டால் அழுகை. எத்தனை பேர் முயற்சி செய்தும் நீ அந்தத் தொட்டிலில் படுக்கவில்லை. அன்றைக்கு அதில் நிம்மதியாகத் தூங்கியது அம்மிக்குழவி ஒன்றுதான்.

சாயங்காலம் தாத்தா புறப்பட்டார். உன்னையும் அம்மாவையும் கூட்டிப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைத் தனியாக ஒதுக்கினார்.

"மாப்ளே, அந்தப் பிட்டைக் கொஞ்ச நாள் குடுங்க. எங்க வீட்ல மாட்டுத் தொழுவத்துல லாந்தர் மாட்ட ஒரு சின்னக் கொக்கி போடணும்."

கொடுத்தேன். சின்னக் கொக்கிக்கு மூணு நூல் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அளவெல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அடுத்த தடவை போனபோது லாந்தர் தொழுவத்துத் தரையில் இருந்தது. பிட்டு மட்டும் துடைத்து எண்ணெய் தடவித் திரும்பி வந்தது.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பினேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா நடுவீட்டில் நின்றாள். இன்னொரு கையில் அவளுடைய வாசனை சோப்பு. பாதிதான் இருந்தது. அதன் ஒரு பக்கம் முழுக்க மரை மரையாகப் பள்ளம்.

"யாருங்க என் சோப்புக்குள்ள கொக்கி போட்டது?" என்றாள்.

நான் உத்திரத்தைக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். மூக்கை இழுத்து முகர்ந்தாள். பிறகு சோப்பைப் பெட்டிக்குள் வைக்காமல், குளிக்கிற இடத்து மாடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாம்பாரைக் கிண்டப் போனாள்.